அடுத்த வாரம் வா என்ற நீதிமன்றம்

மலேசியாவில் போர்ட்டிக்சன் அருகே லுக்குட் குன்றின் மேல் இருக்கும் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ராஜா ஜுமாஅத்தின் கதையைச் சொல்வார்கள். 1846இல் சிலாங்கூர் சுல்தான் இந்தப் பகுதியை அவர் பொறுப்பில் விட்டார். அடுத்த ஆண்டே கோட்டை எழுந்தது. ஈயம் பெருகியது, சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் திரளாக வந்து குடியேறினார்கள். அந்தக் காலத்து ஈய ஊர்களின் வருமானம் எங்கிருந்து வந்தது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். ஈயத்தின் மீதான தீர்வையோடு அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் குத்தகைப் பணமும் கஜானாவில் சேர்ந்தது. சுரங்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவன் வாங்கிய கூலியில் ஒரு பங்கு, குத்தகைதாரர் கை வழியாக ஆட்சியிடமே திரும்பிப் போனது.

பிரிட்டிஷார் இந்த ஏற்பாட்டைக் கலைக்கவில்லை. 1910இல் நீரிணைக் குடியேற்றங்களில் குத்தகையை எடுத்துவிட்டு அபின் விற்பனையை அரசே ஏற்று நடத்தத் தொடங்கியது. போர் நடந்துகொண்டிருந்த 1943 நவம்பரில்தான், தாங்கள் மீட்கப்போகும் தென்கிழக்காசிய நாடுகளில் அபினுக்கு இனி இடமில்லை என்று லண்டன் அறிவித்தது. நேற்றுவரை அரசுக் கடையில் வாங்கிப் புகைத்தவன் அதன்பின் குற்றவாளியானான்.

போதைப்பொருள் நீதிமன்றம் பிறந்த கதையைச் சொல்ல வந்துவிட்டு அபினில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. போதைக்கு அடிமையான மனிதனிடம் அரசு இதுவரை பல முகங்களைக் காட்டியிருக்கிறது. முதலில் விற்றது, பிறகு அடித்தது, அதன்பின் அடைத்து வைத்துத் திருத்தப் பார்த்தது. அவனைத் தன் எதிரே உட்காரவைத்து, "அடுத்த வாரம் வா, எப்படி இருக்கிறாய் என்று பார்க்கிறேன்" என்று சொல்லும் முகம் மிகவும் பிந்தித்தான் வந்தது. அது இன்னும் எங்கள் ஊர்ப் பக்கம் வந்து சேரவில்லை.

தோட்டத்துத் தமிழருக்குக் கள் இருந்தது. ரப்பர் தோட்டங்களில் கள்ளுக்கடை நிர்வாகத்தின் ஆதரவோடுதான் நடந்தது. கள்ளுக்கடை இல்லாவிட்டால் தொழிலாளி சம்சு என்ற சாராயத்தைக் குடித்துச் செத்துப்போவான் என்று துரைமார் நியாயம் சொன்னார்கள். சம்பளத் தேதியன்று அந்தக் கடை வாசலில் நின்ற கூட்டத்தை எங்கள் மூத்த தலைமுறை மறக்கவில்லை. ஆனால் அந்த வாசலில் தடுப்புப் போட்டு நின்றவர்களும் தோட்டக் குடியிருப்பான அதே லயத்து மக்கள்தான். போர் முடிந்த கையோடு கெடாவில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. இந்திய தேசிய ராணுவத்தில் கற்ற கட்டுப்பாடு அதன் நடையில் தெரிந்தது. கள்ளுக்கடைகளை மறித்தார்கள். குடித்துவிட்டு வந்தவனை லயத்தார் முன்னிலையில் நிறுத்தி விசாரித்துத் தண்டித்ததும் உண்டு. 1947 பிப்ரவரி 28ஆம் தேதி பீடோங்கில் நடந்த கள் எதிர்ப்பு ஆர்ப்பாட்டத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. ஹார்வர்ட் தோட்டப் பக்கமெல்லாம் அது பெரும் கொந்தளிப்பானது. படை ஒடுக்கப்பட்டது.

அந்த லயத்து விசாரணைகளில் கடுமை இருந்தது. சிலருக்கு அநீதியும் நடந்திருக்கும். ஆனாலும் விசாரித்தவர்கள் மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் குற்றவாளியின் பக்கத்திலேயே நின்றார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். அவன் மறுபடி குடித்தானா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு அறிக்கை எதுவும் தேவைப்படவில்லை.

சட்டப் புத்தகம் வேறு வழியில் வளர்ந்தது. 1952இல் அபாயகரமான போதைப்பொருள் சட்டம் வந்தது. 1975இல் அதில் கடத்தலுக்கு மரண தண்டனை சேர்ந்தது. அதே ஆண்டு, அடிமையானவருக்குச் சிகிச்சை என்ற பகுதியும் முதன்முறையாக நுழைந்தது. 1983 பிப்ரவரியில் பிரதமர் மகாதீர், போதைப்பொருளை நாட்டின் பாதுகாப்புக்கே மிரட்டல் என்று அறிவித்தார். அந்த ஒரே ஆண்டில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று கடத்தலுக்கான தூக்கைக் கட்டாயமாக்கியது. நீதிபதியின் கையிலிருந்த தெரிவு போய்விட்டது, அது முழுமையாகத் திரும்பி வர 2023 ஆயிற்று. இன்னொன்று போதைப்பித்தர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டம். எங்கள் குடும்பங்கள் பலவற்றின் விதியை எழுதியது இந்த இரண்டாவது சட்டம்தான்.

லுக்குட்டில் ஓர் இளைஞன் பிடிபடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். கையில் சியாபு என்ற மெத்தம்பெட்டமின் இல்லை, சிறுநீரில் இருக்கிறது. அவன் முன்னே இரண்டு கதவுகள் உண்டு. முதல் கதவு 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. உட்கொண்ட குற்றத்துக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை. அது முடிந்ததும் இரண்டு முதல் மூன்று ஆண்டு கண்காணிப்பு. இரண்டாவது கதவு 1983ஆம் ஆண்டுச் சட்டம் (2024 திருத்தத்துக்கு முந்தைய வடிவம் இது). அதில் குற்றச்சாட்டு கிடையாது. சந்தேகத்தின் பேரில் 24 மணி நேரம் தடுத்து வைக்கலாம். சோதனை முடியாவிட்டால் மாஜிஸ்திரேட்டின் அனுமதியோடு 14 நாள் வரை நீட்டலாம். அரசு மருத்துவ அதிகாரி போதைப்பித்தர் என்று சான்று தந்தால், இரண்டு ஆண்டு மறுவாழ்வு மையம், அதன்பின் இரண்டு ஆண்டு கண்காணிப்பு. அல்லது மையத்துக்குப் போகாமல் கண்காணிப்பு மட்டும். எந்தக் கதவு அவனுக்குத் திறக்கும் என்பதைப் பெரும்பாலும் பிடித்த அதிகாரியே தீர்மானிக்கிறார். ஒரே லயத்தில் வளர்ந்த இரண்டு பையன்கள், ஒரே பொட்டலத்தைப் பகிர்ந்தவர்கள், இரு வேறு வாழ்க்கைக்குப் போய்விடலாம்.

இந்தச் சட்டத்தை எழுதியவர்களின் எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. அடிமையானவனைச் சிறைக்கு வெளியே வைக்க வேண்டும் என்று 1983இல் நினைத்தது பெரிய விஷயம். ஆனால் மாஜிஸ்திரேட் ஆணையில் கையெழுத்திட்டதும் அவர் வேலை முடிந்துவிடுகிறது. அந்தப் பையனை அவர் மறுபடி பார்ப்பது அவன் விதியை மீறினால் மட்டும்தான். அப்போது சட்டம் அவர் கையில் தருவது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது மூன்று பிரம்படி வரை, அல்லது இரண்டும். ஆரம்ப காலத்தில் செரெந்தி எனப்பட்ட இந்த மறுவாழ்வு மையங்கள் ராணுவ முகாம் போலவே இயங்கின. அணிவகுப்பு, உடற்பயிற்சி, கட்டளை எல்லாம் அங்கே இருந்தன. உடம்பு தேறி வெளியே வந்தவனைப் பழைய தெருவும் பழைய கூட்டாளிகளும் எதிர்கொண்டார்கள். மலேசியாவில் நடந்த ஓர் ஆய்வு 2017இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. கட்டாய மையத்திலிருந்து வெளியேறிய அபின் வகைப் பயனாளிகள் மறுபடி பழக்கத்துக்குத் திரும்ப எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம் 31 நாள். விரும்பிச் சேர்ந்து மெதடோன் என்ற மாற்று மருந்துச் சிகிச்சை பெற்றவர்களுக்கு அது 352 நாள். இந்த இரண்டு எண்களையும் போதைத் தடுப்புப் பிரச்சாரம் நடக்கும் ஒவ்வொரு மண்டபத்திலும் எழுதி வைக்க வேண்டும் என்பேன்.

விழுந்தவனுக்கு என்ன கிடைத்தது? 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39சி பிரிவு. இரண்டு முறை மையத்துக்கோ தண்டனைக்கோ போய்வந்தவன் மறுபடி பிடிபட்டால் ஐந்து முதல் ஏழு ஆண்டு சிறையும் மூன்று பிரம்படி வரையும். அதற்கும் பிறகு என்றால் ஏழு முதல் பதின்மூன்று ஆண்டும் மூன்று முதல் ஆறு அடியும். நோய் திரும்பி வந்ததற்கு இது தண்டனை.

இனி போதைப்பொருள் நீதிமன்றம் பிறந்த மயாமிக்கு வருவோம். 1980களின் நடுவில் கிராக் என்ற மலிவான கொக்கெயின் ஃபுளோரிடாவின் அந்தத் துறைமுக நகரத்தைச் சூறையாடியது. 1986இல் அமெரிக்கக் காங்கிரஸ் கிராக்குக்குக் கடுமையான கட்டாயத் தண்டனைகளை விதித்தது. பிடித்தார்கள், அடைத்தார்கள், இடம் போதாமல் விட்டார்கள், மறுபடி பிடித்தார்கள். மயாமி அடங்கிய டேட் மாவட்டச் சிறைகள் நிரம்பி வழிந்தன. போதைக்கு அடிமையாக இருப்பதையே குற்றமாக்கக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1962இலேயே சொல்லியிருந்தது. ஆனாலும் பொட்டலம் கையில் இருப்பது குற்றம்தான், பொட்டலம் இல்லாமல் அவனால் இருக்கவும் முடியாது.

தலைமை நீதிபதி ஜெரால்ட் வெதரிங்டன் ஒரு காரியம் செய்தார். ஹெர்பர்ட் கிளைன் என்ற நீதிபதியை வழக்கமான விசாரணைகளிலிருந்து விடுவித்து, இதற்கு ஒரு வழி கண்டுபிடியுங்கள் என்று அனுப்பினார். கிளைன் பேசியது நீதிபதிகளோடு மட்டும் அல்ல. மாவட்டத்தின் தலைமை அரசு வழக்கறிஞர் ஜேனட் ரீனோவையும், ஏழைகளுக்கு வாதாடும் அலுவலகத்தின் தலைவர் பென்னட் பிரம்மரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார். நாள்தோறும் எதிரெதிரே நின்று வாதாடுகிற இரு தரப்பும் ஒரு மனிதனின் நலம் பற்றி ஒன்றாகப் பேச ஒப்புக்கொண்டார்கள். நான் இந்தக் கதையில் மிகவும் மதிப்பது இந்த இடத்தைத்தான்.

1989 கோடையில் நீதிமன்றம் திறந்தது. முதலில் அமர்ந்தவர் ஸ்டான்லி கோல்ட்ஸ்டீன். ஒரு காலத்தில் மயாமி போலீஸில் மோட்டார் சைக்கிளில் ரோந்து போனவர், தெருவை அறிந்தவர். ஏற்பாடு இதுதான். சிறிய அளவு போதைப்பொருளோடு பிடிபட்டவன், வன்முறைக் குற்றம் இல்லாதவன், ஒப்புக்கொண்டால் வழக்கு நிறுத்தி வைக்கப்படும். முதலில் உடலிலிருந்து போதையை வெளியேற்றும் கட்டம், பிறகு ஆலோசனை, அதன்பின் படிப்பும் வேலையும். ஏறக்குறைய ஓராண்டு ஆகும். காதில் ஐந்து இடங்களில் ஊசி குத்தும் அக்குபங்க்சர்கூட அதில் இருந்தது. நியூயார்க்கின் லிங்கன் மருத்துவமனையிலிருந்து வந்த முறை அது. சிறுநீர் சோதனை அடிக்கடி நடக்கும். செலவில் ஒரு பங்கு, போக்குவரத்து விதி மீறியவர்கள் பயிற்சி வகுப்புக்குக் கட்டிய கட்டணத்திலிருந்து வந்தது. முடித்தவன் மீதான வழக்கு தள்ளுபடியாகும்.

இதில் புதிதாக இருந்தது சிகிச்சை அல்ல. சிகிச்சை முன்பும் இருந்தது. நீதிபதி அவனை மறுபடி மறுபடி அழைத்ததுதான் புதிது. கோல்ட்ஸ்டீன் முன்னிலையில் அவர்கள் நேராக அவரிடமே பேசினார்கள். வழக்கறிஞர் குறுக்கே நிற்கவில்லை. சோதனையில் போதை இல்லையென்றால் பாராட்டினார், அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். தவறி விழுந்தவனை உடனே திட்டத்திலிருந்து தூக்கி எறியவில்லை. சிகிச்சையை இறுக்கினார், சில சமயம் சில நாள் சிறையில் வைத்தார், பிறகு மறுபடி கூப்பிட்டார். பழக்கம் ஒரே நாளில் போகாது என்பதை ஒரு நீதிமன்றம் தன் நடைமுறையிலேயே எழுதிக்கொண்டது அங்கேதான்.

ஜேனட் ரீனோ 1993இல் அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரல் ஆனார். அடுத்த ஆண்டுக் குற்றச் சட்டத்தில் இத்தகைய நீதிமன்றங்களுக்கு மத்திய நிதி ஒதுக்கப்பட்டது. அதன்பின் பரவியது வெகு வேகம். 1998 டிசம்பரில் டொராண்டோ, 1999 பிப்ரவரியில் சிட்னிக்கு மேற்கே பாரமாட்டா, 2001இல் டப்ளின். இன்று அமெரிக்காவில் மட்டும் எல்லா வகையும் சேர்த்து 4,000க்கும் மேல். பாரமாட்டா எனக்கு முக்கியமாகப் படுகிறது. அங்கே எடுத்துக்கொண்டது நிச்சயமாகச் சிறைக்குப் போகவிருந்தவர்களை. தண்டனையை விதித்து, அதை நிறுத்தி வைத்து, சிகிச்சைக்கு அனுப்பினார்கள். எளிதில் திருந்தக்கூடியவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துக்கொண்டு வெற்றி என்று எழுதுவதைவிட இது நேர்மையான வழி.

தமிழ்நாட்டு வாசகர்கள் தங்கள் சட்டத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 39ஆம் பிரிவு, உட்கொண்ட குற்றத்தில் தண்டிக்கத்தக்கவனை அவன் சம்மதத்தோடு மருத்துவமனைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஓராண்டுக்குள் அவன் நேரில் வந்து சிகிச்சையின் முடிவைச் சொல்லும் அறிக்கையைக் கொடுக்க வேண்டும். மயாமிக்கு நான்கு ஆண்டு முந்தியது இது. நீதிமன்றத்துக்குத் திரும்பி வா என்ற சொல் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கென ஒரு நீதிபதி, ஒரு நாள், ஒரு மேசை என்று எதுவும் ஏற்பாடாகாததால் அந்தப் பிரிவு அரிதாகவே பயன்பட்டது.

குறைகளையும் மறைக்கக் கூடாது. நீதிபதி மருத்துவராகிவிடும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் பல நீதிமன்றங்கள் மெதடோனையே போதை என்று சொல்லி நிறுத்தச் சொன்னதால் மனிதர்கள் மறுபடி விழுந்தார்கள். 2015இல்தான், மருத்துவர் எழுதிய மருந்தைத் தடுக்கும் நீதிமன்றத்துக்கு நிதி கிடையாது என்று மத்திய அரசு விதித்தது. பல மாநிலங்களில் குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும், திட்டத்தில் தோற்றவனுக்குச் சாதாரணமாகக் கிடைத்திருக்கக்கூடியதைவிட நீண்ட சிறை கிடைத்துவிடும். நீதிமன்றமே தேவையில்லை, மருத்துவமனைக் கதவைத் திறந்து வையுங்கள் என்று வாதாடுவோர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. முதல்முறை பிடிபட்டவனுக்கு அதுதான் சரி என்றே நானும் நினைக்கிறேன். மூன்றாம் நான்காம் முறை வருகிறவனுக்கு, பிரம்புக்கும் அவனுக்கும் இடையில் ஒருவர் உட்கார வேண்டியிருக்கிறது.

போர்ட்டிக்சன் போன்ற ஊரில் இதற்கான துண்டுகள் பெரும்பாலும் கிடக்கின்றன. தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனமான ஏஏடிகே இருக்கிறது, கண்காணிப்பு அதிகாரிகள் இருக்கிறார்கள். 2005இல் மலேசியாவில் மெதடோன் சிகிச்சை தொடங்கியது, அரசுச் சுகாதார நிலையங்கள் அதைக் கொடுக்கின்றன. 2012 முதல் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்கள் தடுப்புக் காவல் மனுக்களில் கட்டணமின்றி நிற்கிறார்கள். 2024 ஜூலையில் மக்களவை 1983ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும் மசோதாவை நிறைவேற்றியது. அடிமையானவரோடு பிற போதைப் பொருள்களைத் தவறாகப் பயன்படுத்துவோரும் அதற்குள் வந்தார்கள், ஏஏடிகே அதிகாரிகளின் கை பெரிதானது. ஆனால் திருத்தம் அதிகாரியின் திசையில் போகிறது. நீதிபதி முன் திரும்பி வருவதன் திசையில் போகவில்லை. அதிகாரி கண்காணிப்பது ஒன்று, நீதிபதியின் முன் நின்று பேசுவது வேறு. அதிகாரியை ஏமாற்றிவிடலாம் என்று பையன்கள் நினைக்கிறார்கள். நீதிபதி தன்னை மறந்துவிட்டார் என்றும் நினைக்கிறார்கள். இரண்டாவது நினைப்பு உண்மையாக இருக்கும்வரை முதலாவதும் போகாது.

இல்லாதவை சில. ஒன்று, அதே முகம். மாஜிஸ்திரேட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். இந்தப் பணிக்கு அமரும் ஒருவர் குறைந்தது இரண்டு ஆண்டாவது அங்கேயே இருக்க வேண்டும். இன்னொன்று, சிறிய தண்டனை. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் கண்டிப்புக்கும் மூன்று ஆண்டு வரையிலான சிறைக்கும் நடுவே படியே இல்லை. ஒரு முறை சோதனைக்கு வராதவனை இரண்டு நாள் அடைத்து, மூன்றாம் நாள் கூப்பிட்டுப் பேசும் அதிகாரம் மாஜிஸ்திரேட்டுக்கு எழுதித் தரப்பட வேண்டும். கூடவே தமிழில் பேசும் ஆலோசகர். தன் அப்பா குடித்ததையும், தோட்டம் விற்கப்பட்டபோது லயத்தை விட்டு வந்ததையும், அந்த வீட்டு நெருக்கத்தில் முதன்முறை எப்படி இழுத்தான் என்பதையும் மலாயில் சொல்ல எல்லோராலும் முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் திட்டக் குறிப்பில் எழுதுவதில்லை. சுவா பெத்தோங் தோட்டத்திலோ தானா மேரா தோட்டத்திலோ செம்பனைக் குலை வெட்டுகிறவனுக்கு நாள் கூலி, இல்லையென்றால் டன் கணக்கு. வாரத்தில் ஒரு காலையை மெதடோனுக்கும் இன்னொரு காலையை நீதிமன்றத்துக்கும் கொடுத்தால், சம்பளம் பிடிபடும், கண்ட்ராக்டர் அடுத்த மாதம் வேறு ஆளை வைத்துக்கொள்வான். வேலை போனவன் சிகிச்சையில் நிலைப்பது கடினம். ஆகவே இந்த நீதிமன்றம் எங்கள் பக்கம் வருமானால், அது பிற்பகல் நான்கு மணிக்கு மேல் அமரட்டும். சுகாதார நிலையம் காலை ஆறரைக்குத் திறக்கட்டும்.